கீழே யாரும் இல்லை

அத்தியாயம் 17

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதோடு போன வாரம் அவரை விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கோபம் வந்தால் மற்றவர்கள் மேல் பாய்கிறவர்கள் உண்டு. அப்பா தன் வயிற்றைக் காயப்போடுகிற ரகம்.

கோபத்துக்குக் காரணம் ஒரு காகிதம். மூன்று வாரங்களுக்கு முன் அணைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அப்பாவுக்குச் சொந்தமான மண் அணையை 'குறைந்த ஆபத்து' பட்டியலிலிருந்து எடுத்து 'அதிக ஆபத்து' பட்டியலில் போட்டுவிட்டுப் போனார்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், புல்டோசர் ஓட்டிப் பிழைத்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக மண் தள்ளி அப்பா தன் கையாலேயே போட்ட கரை அது. அதற்குப் பின்னால் நிற்கிற தண்ணீர்தான் அவர் தோட்டத்துக்கும், கீழே மகன் வைத்திருக்கிற நாற்றுப் பண்ணைக்கும் உயிர். அதைப் போய் ஒருத்தர் ஆபத்து என்று எழுதினால்?

"என் கரைல ஒரே ஒரு விரிசல் காட்டுங்க, நான் மீசைய எடுத்துடறேன்" என்று அவர் குதித்தார்.

"கரை மோசம்னு நான் சொல்லவே இல்லையே, ஐயா. இந்த மதிப்பீடு கரையப் பத்தினது இல்ல. அது உடைஞ்சா கீழ யாரோட உயிர் போகும்ங்கறதப் பத்தினது. கீழ ஒரு வீடு இருக்கு. அதான் விஷயம்" என்றார் ஆய்வாளர்.

அப்பாவின் தலையில் அது ஏறவே இல்லை. ஏறியது மூத்த மகளுக்கு.

அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் அதை யாரும் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. எல்லோருக்கும் அவள் பெரியவள். கடைத்தெருவில் மருந்துக்கடை அக்கா. பதினெட்டு வருடமாக ஒரே கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். ஒரு மாத்திரை மாறியதில்லை.

அணை வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அப்பாவின் கை கியர் பிடிக்கத்தான் வளையும், பேனா பிடிக்க வளையாது. அதனால் பதினொரு வருடமாக அதை நிரப்பியது பெரியவள்தான். ஏழாவது கேள்வி இது: 'அணை உடைந்தால் வெள்ளம் பாயும் இடத்தில் யாராவது வசிக்கிறார்களா?'

இல்லை என்று எழுதினாள். முதல் ஏழு வருடம் அது உண்மை. அப்புறம் தம்பி கரைக்குக் கீழே, பண்ணைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினான். பெரியவள் அதற்குப் பிறகும் இல்லை என்றே எழுதினாள். பொய் சொல்கிற எண்ணமே கிடையாது. கேள்வியைப் படிக்கும்போது அவள் மனசில் வந்ததெல்லாம் வெளியாட்கள். தம்பி வீடு என்ன, நம் வீடு. நம்மை நாமே 'வசிப்பவர்கள்' என்று யாராவது எழுதுவார்களா?

அந்த ஒரு வார்த்தையால் என்ன ஆனது தெரியுமா? குறைந்த ஆபத்து என்றால் பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் ஆள் வருவார்கள். அதிக ஆபத்து என்றால் வருடா வருடம். நாலு வருடம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இது தெரிந்த நாளிலிருந்து பெரியவளுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது.

மழை விடாமல் பெய்ததில் இன்று மூன்றாவது நாள்.

காலை பத்து மணிக்கு அவள் கைபேசி அடித்தது. அப்பாதான். ஆய்வாளர் போகும்போது போட்ட உத்தரவுகளில் ஒன்று இது: கரைக்குள் ஊறும் தண்ணீரை வெளியே விட அடிவாரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கசிவுக் குழாயின் கீழே தினமும் பத்து லிட்டர் வாளியை வைத்து, நிறைய எத்தனை செகண்ட் ஆகிறது என்று எண்ண வேண்டும். செகண்ட் குறைந்தால் கசிவு கூடுகிறது என்று அர்த்தம். உடனே சொல்லவேண்டும். எண்ணுவது அப்பா, எழுதி வைப்பது பெரியவள்.

"இருபது" என்றார் அப்பா.

"இந்த மழைலயுமா?"

"மழை என்னடி மழை. என் கரை என்ன தகரக் கொட்டாயா?"

வைத்துவிட்டார். பெரியவள் நோட்டில் இருபது என்று எழுதினாள்.

அதே நேரம் கவுண்டரில் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். தன் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டுமாம். வீட்டில் பார்த்த அளவுகளை ஒரு சின்ன டைரியில் எழுதி வைத்திருந்தார். பெரியவள் புரட்டிப் பார்த்தாள். திங்கள் நூற்றிப் பத்து. செவ்வாய் நூற்றிப் பத்து. இரண்டு வாரமும் நூற்றிப் பத்து.

"இத மெஷின்ல பாத்து எழுதினீங்களா, மனசுல பாத்து எழுதினீங்களா?" என்று கேட்டாள்.

அவர் அசடு வழிந்தார். "மெஷின்ல பேட்டரி போயி நாளாச்சுங்க. டாக்டர் நூத்திப் பத்து இருந்தா நல்லதுன்னாரு. அதான்..."

"மனுஷ உடம்பு என்ன சுவரா? ஒரு நாளப் போல ஒரு நாள் இருக்குமா? எல்லா நாளும் ஒரே நம்பர் வந்தா, யாரும் பாக்கலன்னு அர்த்தம்!"

சொன்ன கையோடு அவளுக்கு இன்னொரு நோட்டு நினைவுக்கு வந்தது.

தன் நோட்டைத் திறந்தாள். இருபது. இருபது. இருபது. பத்தொன்பது நாளும் இருபது. வெயிலடித்த நாளும் இருபது, வானம் பொத்துக்கொண்ட நாளும் இருபது. முதல் நாள் ஆய்வாளர் தானே வாளி வைத்துப் பார்த்து அறிக்கையில் எழுதிய எண்ணும் அதேதான்.

வெள்ளை கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள்.

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்று முதலாளியிடம் சொன்னாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஸ்கூட்டரில் போகிற வழியெல்லாம் அவள் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு போனாள். அப்பாவுக்குச் சோம்பல். மழையில் நனைய வேண்டாம் என்று வீட்டிலிருந்தபடியே ஓர் எண்ணைச் சொல்லியிருப்பார். இதற்குப் போய் இவ்வளவு பதற வேண்டுமா? நேரே போய், நாலு வார்த்தை திட்டிவிட்டு, வாளியை வைத்து எண்ணிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

அப்பா வீட்டில் இல்லை. கதவு திறந்து கிடந்தது. மேஜையில் காலைத் தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது.

கரைமேல் ஏறி நின்று பார்த்தாள். ஒரு பக்கம் தண்ணீர், விளிம்புக்கு ஒரு முழம்தான் பாக்கி. தண்ணீரை ஐந்தடி குறைக்கச் சொல்லியிருந்தார் ஆய்வாளர். அப்பா மதகை ஒரே ஒரு நாள் திறந்துவிட்டு, மழைக்காலத்தில் தண்ணீரை வெளியே விடுகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று மூடிவிட்டார். மறுபக்கம் சரிவு. அதன் அடிவாரத்தில் அப்பா, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியால் எதையோ மூடிக்கொண்டிருந்தார்.

பெரியவள் சறுக்கிச் சறுக்கி இறங்கினாள். முதலில் அவள் கண் போனது குழாய்க்கு. கையளவு அகலமுள்ள குழாய். அதன் வாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. குனிந்து பார்த்தாள். வாய் முழுக்க சிமெண்ட், நன்றாகப் பூசி, விரலால் வழித்து விட்டிருந்தது.

"அப்பா, இது என்ன?"

அவர் நிமிரவில்லை.

"உங்களத்தான் கேக்கறேன். யார் அடைச்சா இத?"

"நாந்தான்."

"எப்ப?"

"அந்தம்மா வந்துட்டுப் போனாளே, மறுநாள்." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் நிமிர்ந்தார். "கசிவுன்னு எழுதினாளா இல்லயா? நீதானே படிச்சுக் காட்டின? கசிவு இருந்தாத்தான குத்தம் சொல்லுவா? அடுத்த தடவ வரட்டும், ஒரு சொட்டு காட்டச் சொல்லு. அப்ப தெரியும் யார் கரைன்னு."

"அப்பா, அது கசியத்தான் வேணும். அதுக்குத்தான் குழாயே!"

"தண்ணிய நிறுத்தத்தான் கரை. அதுல எவனாவது ஓட்டை போடுவானா? அன்னிக்கு அனுமதி வாங்கறதுக்காக வரைபடத்துல இருந்துச்சு, போட்டேன். எனக்கு என்னிக்குமே அதுல இஷ்டம் இல்ல."

முப்பத்திரண்டு வருடம் ஒரு குழாயின் மேல் பகை வைத்திருக்கிற மனிதரை என்ன செய்வது? பெரியவளுக்குக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அவர் காலடியைப் பார்த்ததும் இரண்டும் மறந்துபோயின.

அவர் கொட்டிய மண்ணுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. குழாயிலிருந்து முப்பது அடி தள்ளி, ஒன்றுமே இல்லாத வெறும் புல்தரையில். தெளிந்த தண்ணீராகவும் இல்லை. பால் அதிகம் விட்ட தேநீர் மாதிரி கலங்கி வந்தது.

"இது எப்பலேருந்து?"

"விடியக்காலைலேருந்து." அப்பாவின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "கொட்டக் கொட்ட வருதுடி. எத்தன கூடை கொட்டிட்டேன் தெரியுமா?"

"பத்து மணிக்கு இருபதுன்னு சொன்னீங்களே!"

அவர் குனிந்து அடுத்த கூடையைத் தூக்கினார்.

பெரியவள் கைபேசியில் கூப்பிட்டதும் ஆய்வாளர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணி தெளிவா இருக்கா, கலங்கலா?"

"கலங்கல், மேடம்."

"அப்ப கரையோட உள்மண்ணு வெளிய வருது. குழாய அடைச்சதால தண்ணி தனக்குன்னு ஒரு வழி பண்ணிக்கிச்சு. இனிமே அதுல மண்ணு கொட்டாதீங்க. குழாயையும் தொடாதீங்க. முதல்ல ஆளுங்கள வெளியேத்துங்க. கீழ எத்தன பேர் இருக்காங்க?"

பதினொரு வருடமாக அவள் பதில் எழுதிவந்த கேள்வி.

"என் தம்பி பெண்டாட்டி. மூணு மாசக் குழந்தை. தம்பி வெளிய போயிருக்கான். பண்ணை ஆளுங்க மழைக்கு லீவு." பெரியவள் எண்ணிச் சொன்னாள். "ரெண்டு பேர், மேடம். ரெண்டு உயிரு."

"உடனே மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் கிளம்பிட்டேன். நாப்பது நிமிஷம் ஆகும். உங்க அப்பாவையும் அங்கிருந்து எழுப்புங்க."

எழுப்புவதாவது! பெரியவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார்.

"நீ போய் டீச்சரையும் குழந்தையையும் கூட்டிட்டுப் போ. நான் இத விட்டுட்டு வர மாட்டேன்."

"உங்க கால்ல விழறேன்ப்பா."

"போடி! நின்னு பேசிட்டிருக்க நேரமா இது?"

இந்த ஒரு விஷயத்திலாவது அவர் சொன்னது சரி. பெரியவள் ஓடினாள்.

தம்பியின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாமனார் முதற்கொண்டு எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரசவ விடுப்பில் இருக்கிறாள். பெரியவள் சேறும் சகதியுமாக வாசலில் வந்து நின்றதும், அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா, அண்ணி. இப்பத்தான் கண்ண மூடினா."

"பாப்பாவத் தூக்கு. மேட்டு ஷெட்டுக்குப் போகணும். இப்பவே."

"என்ன அண்ணி, என்னாச்சு?"

"கரை."

கணக்கு டீச்சர்கள் விடை மட்டும் போதாது, வழியும் வேண்டும் என்பார்கள்; இந்த டீச்சர் இன்று வழியைக் கேட்டு நிற்கவில்லை. டீச்சரின் முகம் வெளுத்தது. குழந்தையைத் துணியோடு வாரித் தோளில் போட்டாள். ஒரு கையால் கைபேசியில் எதையோ தட்டினாள், பால் புட்டியைத் தேடினாள், துண்டைத் தேடினாள்.

"ஒண்ணும் வேணாம், வா!"

"பாப்பாவுக்குக் குளிருமே!"

"வாடீ!"

நாத்தனார் தன்னை 'டீ' போட்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. டீச்சர் வந்துவிட்டாள்.

பள்ளத்திலிருந்து மேட்டு ஷெட்டுக்குச் சாய்வான ஒற்றையடிப் பாதை. நாற்றுக் கூடைகளை அடுக்கி வைக்கிற தகரக் கொட்டகை அது. இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அந்த அழுகை பெரியவளுக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டது.

கூரைக்குள் நின்றதும் டீச்சர் மூச்சு வாங்கினாள். "அவருக்கு ஒரு போன் பண்ணிக் குடுங்க, அண்ணி. என் போன் கட்டில்மேலயே இருக்கு. அவசரத்துல வச்சுட்டு வந்துட்டேன்."

"அவனுக்கு இது தெரியாதே?"

"கிளம்பும்போது 'உடனே வாங்க'ன்னு மட்டும் அனுப்பினேன்."

பெரியவளுக்குச் சுரீர் என்றது. குறைப்பிரசவத்தில் பிறந்ததிலிருந்தே தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் அவசரம். நாற்று இறக்க டவுனுக்குப் போய் இந்நேரம் பாதி வழி திரும்பியிருக்கிறவன், பெண்டாட்டியிடமிருந்து அப்படி ஒரு செய்தி வந்தால் நின்று யோசிக்கிற ஆளா?

கூப்பிட்டாள். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. மூன்றாவது தடவையும் அதே.

"யார்கூடப் பேசறான் இவன்?"

டீச்சர் அவளைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவன் யாரோடும் பேசவில்லை. பெண்டாட்டியின் கைபேசிக்கு விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறான். அது காலி வீட்டில், கட்டிலின் மேல் கிடந்து அலறிக்கொண்டிருக்கிறது.

"அண்ணி, வண்டி!"

கீழ்ப் பாதையில் தம்பியின் பச்சை வேன் சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்தது. வாசலில் குறுக்காக நின்றது. கதவைக்கூடச் சாத்தாமல் அவன் வீட்டுக்குள் ஓடினான்.

இருவரும் சேர்ந்து கத்தினார்கள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்கவில்லை. டீச்சர் குழந்தையோடு இறங்கப் பார்த்தாள். பெரியவள் அவளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"நீ அசையாத. நான் கூட்டிட்டு வரேன். பாப்பா மேல சத்தியம், நீ அசையக் கூடாது."

பாதிச் சரிவு இறங்கியிருப்பாள். மழை கொஞ்சம் வெறித்தது. கையிலிருந்த கைபேசி அடித்தது. ஆய்வாளர்.

"எல்லாரும் மேல வந்தாச்சா?"

"தம்பி வீட்டுக்குள்ள போயிட்டான் மேடம், அவனுக்கு விஷயம் தெரியாது. அப்பா இன்னும் கரை அடியில..."

"நின்னுடுச்சு!"

அப்பாவின் குரல். பெரியவள் திரும்பிப் பார்த்தாள். வலது கைப்பக்கம், நூறு அடி தூரத்தில், கரையின் அடிவாரத்தில் அப்பா இரண்டு கைகளாலும் மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

"தண்ணி நின்னுடுச்சுடி! பாத்தியா? என் மண்ணு நிறுத்திடுச்சு பாரு!"

"மேடம், நின்னுடுச்சாம்! தண்ணி நின்னுடுச்சு!" பெரியவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "தானா நின்னுச்சுன்னா உள்ள எங்கயோ இடிஞ்சு விழுந்து அடைச்சிருக்குன்னு அர்த்தம். அது தாங்காது. கரையோட மேல பாருங்க. எங்கயாவது உள் வாங்கியிருக்கா?"

கரையின் மேல் வரிசையாக அப்பா நட்டு, வருடா வருடம் வெள்ளையடிக்கிற கற்கள். ஒரே கோடாக நிற்கும். நடுவில் இரண்டு கல்லைக் காணோம். மூன்றாவது கல் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லச் சாய்ந்தது.

"ஆமா" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவர அங்கேருந்து ஓடச் சொல்லுங்க. இப்பவே!"

"அப்பா! மேல ஏறுங்க! ஓடுங்க!"

அவர் கையை ஆட்டினார். மகள் சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

வலது பக்கம் அப்பா. இடது பக்கம், அதே தூரத்தில், வீடு. திறந்த ஜன்னல் வழியாகத் தம்பியின் குரல் கேட்டது. ஒவ்வொரு அறையாகப் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு போனான். ஓர் ஆளுக்குத்தான் நேரம் இருக்கிறது. அவளுக்கு இருப்பதும் ஒரே ஜோடிக் கால்.

பெரியவள் இடது பக்கம் ஓடினாள்.

"எங்கடி ஓடற? அதான் நின்னுடுச்சே!"

அப்பாவின் குரலில் மூன்று வாரமாக இல்லாத சிரிப்பு இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். பெரியவள் திரும்பவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தால் கால் அவரிடம்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும்.